சிரையில் ஓடுவது நீல இரத்தம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களான சிரைகளில் ஓடும் இரத்தம் நீல நிறமுடையது, காயத்தின் வழியே வெளிவரும்போது காற்றுப் பட்டுச் சிவந்துவிடுகிறது என்று கடந்த வாரம் தங்கள் மாணவர் பக்கத்தில் வெளியான குறிப்பு தவறானது. விலங்கியல் பாடம் நடத்திய காலம் முழுவதும் இதே கருத்தை மாணவர்களிடமிருந்து கேட்டிருக்கிறேன். படங்களில், இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் தீட்டுவது வெறும் அடையாளத்துக்குத்தான் என்று என்னைப் போன்றவர்கள் அழுத்திச் சொல்லாமல் விட்டதற்கும் இதில் பங்கு உண்டு.

இரத்தப் பரிசோதனைக்குச் சென்றவர்கள் நினைவுபடுத்திப் பார்க்கலாம். கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, புடைத்து நிற்கும் சிரையில் ஊசியைச் செலுத்தியதும், காற்று நீக்கி மூடப்பட்ட குழாய்க்குள் பீறிட்டு வருவது நாவற்பழச் சாறு போன்ற கருஞ்சிவப்பு இரத்தமே. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பாகவும், அதை இறக்கிவிட்டது கருஞ்சிவப்பாகவும் இருக்கும். கரோனா காலத்தில் நாம் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டர், இவ்விரண்டும் ஒளியை உறிஞ்சும் அளவில் உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான் கணக்கிட்டது. தோலுக்கு மேலே சிரை நீலமாகத் தோன்றுவது, தோலும் இரத்தமும் சேர்ந்து ஒளியைச் சிதறடித்தும் உறிஞ்சியும் நம் கண்ணுக்குக் காட்டும் மாயம்.

உண்மையான நீல இரத்தம் வேறிடத்தில் இருக்கிறது. நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் இரத்தத்தில் இரும்புள்ள ஹீமோகுளோபினுக்குப் பதிலாகத் தாமிரமுள்ள ஹீமோசயனின் ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஆக்சிஜன் ஏறினால் அது நீலம், இறங்கினால் நிறமற்றது. நண்டின் காலை ஒடிக்கும்போது கசிவதைக் கடல்நீர் என்று நினைத்துக் கழுவிவிடுகிறோமே, அதில் அதன் இரத்தமும் சேர்ந்தே போகிறது. கரப்பான் பூச்சிக்கு இந்தச் சுமைகாரர்களே தேவையில்லை, ஏனெனில் நுண்ணிய மூச்சுக்குழல்கள் காற்றை நேரே திசுக்களுக்குக் கொண்டு சேர்த்துவிடுகின்றன. (கொசுவை அடித்ததும் கையில் படியும் சிவப்பு, பெரும்பாலும் நம்முடையதே.)

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பூட்டுவது அண்டார்க்டிகாவின் பனிமீன். முதுகெலும்பி என்றால் ஹீமோகுளோபின் இருந்தே தீரும் என்று நம்பியிருந்த காலத்தில், இம்மீன்களின் இரத்தத்தில் அது இல்லை என்று நார்வே அறிஞர் ஜோஹன் ருட் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். உறைநிலையை ஒட்டிய அக்கடல்நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரைந்திருப்பதாலும், பெரிய இதயம் நிறைய இரத்தத்தை இறைத்துக்கொண்டே இருப்பதாலும், இரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவில் கரைந்த ஆக்சிஜனைக் கொண்டே அது வாழ்ந்துவிடுகிறது. அதன் இரத்தம் ஏறக்குறைய தண்ணீர் போலத் தெளிந்திருக்கும்.

அடுத்த வார மாணவர் பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இரத்த ஓட்டப் படம் வெளியிடும்போதெல்லாம், ‘நிறங்கள் அடையாளத்துக்கு மட்டுமே’ என்று அதன் அடியில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
நாகப்பட்டினம்.