ஊசி நூல் கொடுத்தவர்களுக்கும், கூட உட்கார்ந்தவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

பென்னாகரம் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் ஆளுக்கொரு துணிப்பையைக் கையாலேயே தைத்து முடித்துவிட்டார்கள். உதவியவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி தையல்கடை அண்ணனுக்கு. வெட்டுத்துணி கேட்டுத்தான் அவரிடம் போனேன். "துண்டுத்துணியில தச்சா நாளைக்கே குப்பைக்குப் போயிடும் டீச்சர். பை தைக்கச் சொல்லுங்க, கடைக்காவது எடுத்துட்டுப் போவாங்க" என்றார். 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, 2021-இல் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. ஆனாலும் தக்காளி இன்னும் கேரிபேக்கில்தானே வீட்டுக்கு வருகிறது! காடாத்துணியை அளவாக வெட்டி, பென்சில் கோடும் போட்டுக் கொடுத்தார். பக்கங்களுக்கு ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே போகும் ஓட்டுத்தையல் போதும், கைப்பிடிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் வந்து குத்தும் பின்தையல்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் கனம் ஏறியதும் பிரிந்துவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். "ஆம்பளப் பையனுக்கு எதுக்கு ஊசி?" என்று ஒரு வீட்டில் கேட்டபோது, "அப்போ நான் யாரு?" என்று சிரித்தார். அந்தக் கேள்வி அதோடு சரி.

புளி மண்டியில் பழைய சாக்குகள் கொடுத்தார்கள். முனை மழுங்கிய, காது பெரிய ஊசியால் பிள்ளைகள் முதலில் பழகியது அதில்தான். சாக்கில் இழை தனித்தனியாகத் தெரிவதால், ஓட்டையை எண்ணி எண்ணிக் குத்தலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெற்றோர் நூல்கண்டுகளை அனுப்பினார். மெஷின் நூல், மெல்லிசு, இரட்டையாக்கிக் கோர்த்துக்கொண்டோம். ரேடியோ ரிப்பேர் கடைத் தம்பி பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிக் கொடுத்த காந்தத்தைத் தரையில் ஓட்டி, விழுந்த ஊசிகளைப் பொறுக்கினோம். தைப்பதைவிட அந்த வேலைக்குத்தான் போட்டி அதிகம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி செய்தவர்கள் எங்கள் ஊர்ப் பாட்டிகள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தப் பழைய குழுக்காரர்களும் இவர்களில் உண்டு. நூல் முழங்கை நீளத்தைத் தாண்டினால் சிக்கு விழும், இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இடது கைப் பழக்கமுள்ள ஒரு பெண்பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து தைத்துக் காட்டினார் ஒரு பாட்டி. கண்ணாடியில் பார்ப்பதுபோல் அது அப்படியே பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

தையல் கோணும்போது ஊசியைப் பிடுங்கிச் சரிசெய்யக் கை துடிக்கும், எனக்கும் துடித்தது. பாட்டிகள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "பிரி, மறுபடி போடு" என்று மட்டும் சொன்னார்கள். பைகளில் தையல் வளைந்து நெளிந்துதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் அந்தந்தப் பிள்ளை தைத்தது. அந்தப் பொறுமைக்கு என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, பாட்டிகளே.

பாட்டிகளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்த சத்துணவு அக்காவுக்கும், கடைசிப் பாடவேளையை விட்டுக்கொடுத்த தலைமை ஆசிரியருக்கும் நன்றி.

அப்புறம், இரவல் கொடுத்த கத்தரிக்கோல்கள் என் மேசையில் இருக்கின்றன. பிடியில் அடையாளம் போட்டிருந்தவற்றைக் கொடுத்தாகிவிட்டது. மற்றவை யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை, வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மூன்றாம் வகுப்பு ஆசிரியை