செல்ஃப் எடுக்காத லாரியும் டிரைவர் சம்பளமும்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் பழைய லாரி வைத்து ஓட்டும் அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டைக்கு வெளியே பைபாஸ் ஓரம் தகரக் கொட்டகை போட்டு லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன் நான். உங்களில் பல பேருக்கு என் குரல் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டு, "வண்டி செல்ஃப் எடுக்கலடே, என்னன்னு பாரு" என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தடவை நான் கூப்பிடுகிறேன்.

கொஞ்ச நாள் முன்னால் நடந்தது. தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போன ஒரு லாரி, பாவூர்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்திய இடத்திலேயே நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். முதலாளி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ராத்திரி லைட்டைப் போட்டுட்டுத் தூங்கியிருப்பான், பேட்டரி போச்சு." புதுசாக ஒரு ஜோடி பேட்டரி வந்தது. அதில் பாதி விலையை டிரைவர் சம்பளத்தில் பிடித்தார்கள். நாலாம் நாள் அதே வண்டி, புதுப் பேட்டரியோடு, புளியரையில் அதே 'டிக்'. இன்னொரு லாரியில் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்து, சரக்கை இறக்கிவிட்டு என் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள்.

நான் ஸ்பேனரை எடுக்கும் முன்னால் டிரைவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "அண்ணே, செல்ஃப் அடிக்கும்போது ஸ்டாப் கேபிளைத் தொட்டா சுடுது. முதலாளிட்ட சொன்னேன், சிரிச்சிட்டாரு."

அந்த ஒரு வாக்கியத்தில் வேலை பாதி முடிந்துவிட்டது. ஸ்டாப் கேபிள் என்றால் இன்ஜினை அணைக்கக் கேபினிலிருந்து இழுக்கிற கம்பி. இன்ஜின் ரப்பர் மவுண்டு மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்டு போகாது. பேட்டரி மைனஸ் சேசிஸில், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில், பிடித்திருக்கும். சேசிஸிலிருந்து இன்ஜினுக்குப் பின்னல் போட்ட ஒரு செம்புப் பட்டை போகும். இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற செல்ஃப் மோட்டார் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியரும் அந்த எர்த் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பட்டை கெட்டுப்போனால் கரண்டு வேறு வழி தேடும். இன்ஜினையும் கேபினையும் இணைக்கிற இரும்புக் கம்பி எது? ஸ்டாப் கேபிள். அது சுடாமல் என்ன செய்யும்?

மீட்டரை எடுத்தேன். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் வைத்தேன், கறுப்பை பேட்டரி மைனஸ் கட்டையின் தலையிலேயே வைத்தேன் (அதன்மேல் மாட்டியிருக்கிற கிளாம்பில் வைத்தால் பழுது ஒளிந்துகொள்ளும்). "அடிங்க" என்றேன். நல்ல வண்டியில் இந்த இடத்தில் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இதில் 6 காட்டியது. அதே நேரம், சேர்ந்து 24 வோல்ட் கொடுக்கிற இரண்டு பேட்டரியும் 23க்குக் குறையாமல் நின்றன. பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாங்கிக்கொள்ள வழி இல்லை. பட்டையைக் கழற்றினேன். உப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. விரலால் அழுத்தியதும் காய்ந்த வேர் மாதிரி நொறுங்கி விழுந்தது. புதுப் பட்டை, சேசிஸில் பெயிண்டு போகும்வரை எமரித் தாளில் தேய்ப்பு, இறுக்கிய போல்ட்டின் மேல் கொஞ்சம் கிரீஸ். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். சாவியைத் திருப்பியதும் ஒரே உறுமலில் எடுத்துக்கொண்டது.

உப்பு லாரி என்று இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நனைந்த வண்டிகளுக்கு செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் காயவைத்தோம், பேட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற டைனமோவைக் கழற்றினோம். எர்த் பட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. அந்த வண்டிகளில் சில பிற்பாடு ஒவ்வொன்றாக என்னிடம் வந்தன.

சத்தத்தைக் கேளுங்கள், அண்ணாச்சி. 'டிக்டிக்டிக்' என்று படபடத்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் லூசாக இருக்கும். ஒரே ஒரு கனத்த 'டிக்' என்றால் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வேலை செய்கிறது. மோட்டாருக்குப் போதுமான கரண்டு போகவில்லை, இல்லாவிட்டால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே, சொலினாய்டுக்குப் போகும் சின்ன வயர், இவற்றைப் பாருங்கள். மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியும் இன்ஜின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ், அதாவது மோட்டாரை இன்ஜினோடு கோக்கிற பல்சக்கரம். மீட்டர் கையில் இல்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லி எதிரே நின்று பாருங்கள். லைட் செத்துப்போனால் பேட்டரிப் பக்கம் தேடுங்கள். பிரகாசம் குறையவே இல்லை என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். எப்படியானாலும் பத்துப் பதினைந்து செகண்டுக்கு மேல் விடாமல் அடிக்கக் கூடாது. ஒரு நிமிஷமாவது ஆறவிட வேண்டும். மோட்டார் எரிந்து என்னிடம் வருவதில் எனக்கு லாபம்தான், ஆனாலும் சொல்கிறேன்.

அடுத்தது பாட்டு செட். இதில் மட்டும் டிரைவர் தம்பிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 ஆக்கியிருக்கிறோம். செட்டுக்கு 12 வேண்டும் என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பேட்டரி தினமும் அதிகமாக இறங்கும். டைனமோவுக்கு இது தெரியாது, அது இரண்டையும் சேர்த்து 28 வந்ததா என்றுதான் பார்க்கும். ஆக ஒன்று பாதிப் பட்டினி, இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜாகித் தண்ணீர் கொதித்து வற்றும். ஆறு மாதத்தில் இரண்டும் போகும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பாட்டும் கேட்கட்டும், பேட்டரியும் பிழைக்கட்டும். இதே காரணத்துக்காக ஒரு பேட்டரி மட்டும் போனாலும் பழசோடு புதுசைச் சேர்த்து மாட்டாதீர்கள், ஜோடியாகவே மாற்றுங்கள். தண்ணீர் ஊற்றுவது என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். தாமிரபரணித் தண்ணீர் அல்வாவுக்கு நல்லது, பேட்டரிக்கு ஆகாது.

டைனமோ பற்றிக் கொஞ்சம். வண்டியைச் சீராக ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தால் 27.5லிருந்து 28.5க்குள் காட்ட வேண்டும். 25க்கு மேல் ஏறவே இல்லை என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பிறகு டேஷ்போர்டில் சாவி போட்டதும் எரிய வேண்டிய சிவப்பு சார்ஜ் லைட்டைப் பாருங்கள். அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்டுதான் பல டைனமோக்களை முதலில் எழுப்பிவிடுகிறது. பல்பு பியூஸ் போனதற்கு டைனமோவையே மாற்றிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். இன்ஜின் ஓடும்போது 'சார்ஜ் ஆகுதா பாப்போம்' என்று பேட்டரி வயரைக் கழற்றுகிற பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. டைனமோவுக்குள் இருக்கும் டையோடு அதில் செத்துப்போகும். தயவுசெய்து யாரையும் செய்யவிடாதீர்கள்.

டீசல் பம்பு மெக்கானிக்கலாக இருக்கும் பழைய இன்ஜின் ஒரு தடவை எடுத்துவிட்டால் ஓடுவதற்குக் கரண்டே கேட்காது. அதனால்தான் சார்ஜ் ஆகாத வண்டியும் பகல் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. சாயங்காலம் டீக்கடையில் நிறுத்தினதும் குட்டு வெளிப்படுகிறது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் இருக்கிற ஆள் டிரைவர் என்பதால் தப்பும் அவர் தலையில் விழுகிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு கேபினிலும் ஒரு மீட்டர் போட்டு வையுங்கள், ஒரு பஞ்சர் ஒட்டுகிற காசுதான் இருக்கும். வண்டியில் ஏதோ சுடுகிறது, வாடை வருகிறது, லைட் மங்குகிறது என்று டிரைவர் சொன்னால் போனை வைத்துவிடாமல் இன்னும் ரெண்டு வார்த்தை கேளுங்கள். அளந்து பார்க்காமல் எந்தச் சாமானுக்கும் அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். கழற்றிய பழைய பேட்டரிகளை எடைக்குப் போடும் முன்னால் ஒருதடவை என் கொட்டகைக்குக் கொண்டுவாருங்கள், காசு வாங்காமல் சோதித்துத் தருகிறேன்.

அந்த உப்பு லாரியின் பழைய ஜோடி என்னிடம்தான் இருக்கிறது. சார்ஜ் போட்டு ஒருநாள் வைத்துவிட்டு அளந்தேன்: ஒன்று 12.6, இன்னொன்று 12.5. பளு கொடுத்தும் பார்த்துவிட்டேன், தாங்குகிறது. இப்போது வேறொரு வண்டியில் ஓடத் தயாராக நிற்கிறது. டிரைவரிடம் பிடித்த பணம் மட்டும் இன்னும் திரும்பவில்லை. நான் யாரைச் சொல்கிறேன் என்று அந்த அண்ணாச்சிக்குத் தெரியும். பேட்டரியை எடுக்க வரும்போது டிரைவரையும் கூட்டிக்கொண்டு வாங்க, என் கடையில் வைத்தே கொடுத்துவிடலாம். டீ நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை பைபாஸ் ஓரத்து வயரிங்காரன்