தில்லியிலிருந்து அக்காவுக்கு: கம்பளி உருண்டை மாலை

புது தில்லி
ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அத்தானும் அம்மாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க வல்லிபுர ஆழ்வாரை வேண்டுகிறேன். போன கிழமை தொலைபேசியில் கதைத்தபோது, நான் ஏதோ பந்து மாலை செய்கிறேன் என்று இவர் சொன்னதைக் கேட்டு, அது என்ன, அதை நீங்களும் செய்து பார்க்கலாமா என்று விசாரித்தீர்கள். பக்கத்தில் இருந்து கையால் செய்து காட்ட வேண்டிய வேலை அது. அதற்கு வழியில்லாதபடியால், எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி அனுப்புகிறேன். மாசி மாதத்தில் இவருடன் வேலை செய்யும் ஒருவர் கொழும்புக்கு வருகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு சிறிய பொதியையும் கொடுத்துவிடுவேன்.

இது எனக்கு இந்த நாட்டில் முதலாவது குளிர்காலம். கார்த்திகைக் கடைசியில் தொடங்கிய குளிர் மார்கழி முழுவதும் ஏறிக்கொண்டே போய், இப்போது விடியற்காலையில் 5, 6 பாகைக்கு இறங்குகிறது. பனிமூட்டத்தில் எதிர்வீட்டு வாசல் விளக்குக்கூட மங்கலாகத்தான் தெரிகிறது. இரவுக் குளிரைச் சுவர்கள் பகலிலும் பிடித்து வைத்திருப்பதால், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறி, வெயில் நகர நகரப் பாயையும் நகர்த்திக்கொண்டு, கச்சான் உடைத்தும் தோடம்பழம் உரித்தும் பின்னேரம் வரை அங்கேயே இருக்கிறார்கள். நாங்கள் இருக்கும் ஆர்.கே. புரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி வீற்றிருக்கும் மலை மந்திரும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால், கோயிலுக்குப் போனால் நான்கு பேருடன் தமிழில் கதைக்கலாம். ஆனாலும் முதல் மூன்று மாதங்கள் எனக்குக் கைக்கு வேலையில்லாத வருத்தம் பெரிதாக இருந்தது. ஊரில் போலப் பெட்டி இழைக்க இங்கே பனையோலை இல்லை; ஓலை வாரும் சத்தகக் கத்தியைக் கொண்டு வந்தும் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு மாமி இருக்கிறார். அவர் குடும்பத்துக்குக் கும்பகோணம் சொந்த ஊர், ஆனால் அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் தில்லியிலேதான். பள்ளிக்கூடத்தில் கைவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டு வாசல் நிலையில் மஞ்சளும் மருதாணிச் சிவப்பும் கடும்பச்சையுமாக நெல்லிக்காய் அளவு உருண்டைகள் கோத்த மாலை ஒன்று தொங்கியது. மெத்தென்று இருந்தாலும் விரலால் அழுத்தினால் அமுங்காமல் இறுகி நின்ற அந்த உருண்டைக்குள் பஞ்சும் இல்லை, மேலே தையலும் இல்லை, ஒட்டும் இல்லை என்று கண்டபோது எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. முழுவதும் செம்மறியாட்டுக் கம்பளி என்றார்.

மறுநாளே நான் கடைத்தெருவுக்குப் போய், "ஊல்" என்று கேட்டு நான்கு நிற நூற்கண்டு வாங்கி வந்து, பிரித்து உருட்டி, சுடுதண்ணீரில் போட்டு இரண்டு மணித்தியாலம் தேய்த்தேன். உருண்டை இறுகவே இல்லை. அழுதுவிடுவேன் போல இருந்தது. இங்கே அக்ரிலிக் நூலையும் ஊல் என்றே சொல்லுகிறார்கள் என்பது மாமி சொல்லித்தான் விளங்கியது. ஒரு நுனியைக் கிள்ளி எடுத்துத் தீயில் காட்டச் சொன்னார். உண்மைக் கம்பளி தலைமயிர் கருகுவது போல மணந்து, விரலால் நசித்தால் பொடியாகிவிடும் சாம்பலைத் தரும். அக்ரிலிக் உருகிக் கடினமான கறுப்பு மணியாக இறுகிவிடும். இன்னொன்றும் உண்டு: கழுவினால் சுருங்காது என்று பதப்படுத்திய கம்பளியும் இந்த வேலைக்கு உதவாது, ஏனென்றால் அதன் செதிலை முன்பே நீக்கியோ மூடியோ விட்டிருப்பார்கள்.

செதில்தான் இந்த வேலைக்கு உயிர். கம்பளி மயிரை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மீன் உடம்பைப் போலச் செதில் அடுக்கியிருக்குமாம். நீங்கள் நம்ப வேண்டுமானால், உங்கள் தலைமயிர் ஒன்றை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நீளவாக்கில் வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு தேய்த்தாலும் மயிர் வேர்ப்பக்கமாகவே நகர்ந்து போவதைக் காண்பீர்கள். கம்பளி இழைகளும் சூட்டிலும் ஈரத்திலும் சவர்க்காரத்தின் வழுவழுப்பிலும் இப்படி ஒன்றினுள் ஒன்று ஊர்ந்து போய், செதிலோடு செதில் கொளுவி, பின்பு பிரிக்கவே முடியாதபடி சிக்கிக்கொள்ளுகின்றன. இதைத்தான் ஃபெல்ட் என்கிறார்கள். கடகம் இழைக்கும்போது எந்த ஓலை கீழே போய் எது மேலே வருகிறது என்று நாம் எண்ணிக்கொண்டே இருப்போம் அல்லவா? இங்கே அந்தக் கணக்கு எதுவும் கிடையாது, நாம் இடம் கொடுத்தால் இழை தன் வழியைத் தானே தேடிக்கொள்ளுகிறது. இது எனக்குப் பழகவே பல நாள் சென்றது.

நெசவு இல்லாத இந்தத் துணி மிகப் பழையது, அக்கா. சைபீரியாவில் அல்தாய் மலைப் பக்கத்தில் பசிரிக் என்னும் இடத்துப் புதைமேடுகளில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் உறைபனிக்குள் கிடந்த ஃபெல்ட் விரிப்பும், உள்ளே அடைத்துச் செய்த ஃபெல்ட் அன்னங்களும் எடுத்திருக்கிறார்கள். இவர் படம் காட்டினார். அந்த அன்னத்தின் கழுத்து வளைவை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே காஷ்மீரிலும் ராஜஸ்தானின் டோங்க் நகரத்திலும் இதே முறையில் செய்யும் விரிப்பை நம்தா என்கிறார்கள். பல மாநிலக் கைவினைஞர்கள் வந்து விற்கும் தில்லி ஹாட் சந்தையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். இப்போது உலகமெங்கும் விற்கும் உருண்டை மாலைகளில் பெரும் பங்கு நேபாளத்துப் பெண்கள் கையால் உருட்டுபவை.

இனிச் செய்யும் விதத்தைச் சொல்லுகிறேன். சீவி நீளத் திரியாக்கிய கம்பளியைத்தான் வாங்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. இரண்டு கைக்கும் இடையில் ஒரு சாண் விட்டுப் பிடித்து மெல்ல இழுத்தால் தானாகப் பிரிந்து வரும். கைகளைக் கிட்டக் கிட்டப் பிடித்தால், ஒரே இழையின் இரு நுனியையும் இழுப்பதாகிவிடும், எவ்வளவு பலம் போட்டாலும் பிரியாது. 2 சென்டிமீட்டர் உருண்டைக்கு ஏறத்தாழ 1 கிராம் போதும். எடுத்த கம்பளியை மெல்லிய துகிலாகப் பிரித்து, ஒன்றை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் சுற்றிச் சுற்றி, தேசிக்காயிலும் சற்றுப் பெரிய ஒரு புசுபுசு உருண்டையாக்குங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரும், அதில் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டும். உருண்டையை நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, முதல் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தமே கொடுக்காமல் உருட்டுங்கள். மேல்தோல் பிடித்துவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டி, தண்ணீர் ஆறினால் திரும்பவும் சூட்டில் தோய்த்து, பத்து நிமிடம் அளவில் உருட்டினால், அது நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கிக் கல்லைப் போல இறுகிவரும். பிறகு சவர்க்காரம் போகக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, கடைசித் தண்ணீரில் சிறிது வினாகிரி விட்டுப் பிழிந்து, திரும்ப ஒருமுறை உருட்டி வடிவு பார்த்துக் காயப்போட வேண்டும். இங்கே குளிர்கால வெயிலில் இரண்டு நாள் எடுக்கிறது. நம் ஊர்ப் பருத்தித்துறைக் காற்றில் ஒரு நாளில் காய்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அந்த முதல் மூன்று நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பிழையாகச் செய்தேன். அம்மாவுடன் இருந்து பயற்றம் உருண்டை பிடித்த கை, எதை எடுத்தாலும் உடனே இறுக்கிப் பிடிக்கப் பார்க்கிறது. கம்பளியை அப்படி இறுக்கினால் உருண்டை மடிந்து, நடுவில் ஆழமான வெடிப்பு விழுந்து, அந்த மடிப்பு அப்படியே இறுகிவிடும். நீங்களும் அதே கையால் பழகியவர் என்பதால் இதை அழுத்திச் சொல்லுகிறேன். வெடித்ததை எறிந்துவிடாதீர்கள், மேலே மெல்லிய துகில் ஒன்றைச் சுற்றித் திரும்பவும் மெல்ல உருட்டினால் மூடிக்கொள்ளும். தண்ணீரிலும் ஒரு கவனம் வேண்டும். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது, கடினத் தண்ணீர். கட்டிச் சவர்க்காரம் அதில் நுரைக்காமல் திரைந்து இழையில் ஒட்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் மிக நல்லது, இல்லாவிட்டால் பாத்திரத் திரவமே போதும்.

கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கும் இன்னொரு முறையும் உண்டு. அந்த ஊசி வேலை இதற்கு நேர்மாறு. அதில் தண்ணீரே கிடையாது. இந்த ஊசிக்குக் காது இல்லை, நூலும் கோப்பதில்லை. அலகு முக்கோணமாக இருக்கும், அதன் விளிம்புகளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு வெட்டுகள் நுனியை நோக்கிச் சரிந்திருக்கும். குத்தும்போது அந்த வெட்டுகள் மேலிருக்கும் இழையை உள்ளே தள்ளிக்கொண்டு போகின்றன, ஊசி வெளியே வரும்போது இழையை உள்ளேயே விட்டுவிட்டு வருகின்றன. ஊசிகளுக்கு எண் உண்டு: 36 தடித்தது, உருவத்தைக் கெதியாக இறுக்கத் தகும், 40 மெல்லியது, மேற்பரப்பை மழமழப்பாக்க உதவும், புதிதாகத் தொடங்குபவருக்கு 38 போதும். நான் மூன்றிலும் சில வைத்து அனுப்புகிறேன்.

ஒரு கனத்த ஸ்பொஞ்ச் துண்டின் மேல் கம்பளியை வைத்து, எந்தச் சரிவில் ஊசியை இறக்கினீர்களோ அதே சரிவில் நேராக மேலே எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது ஊசியை நெம்பினால் நுனி முறிந்து கம்பளிக்குள் தங்கிவிடும். அப்படி ஒருமுறை எனக்கு முறிந்தது. மாமி காந்தத்தை மேலே பிடித்துப் பார்த்தும் நுனி அகப்படவில்லை, அந்த உருண்டையைப் பிய்த்துத் தேடி எடுத்த பிறகுதான் அன்று என்னை எழும்பவிட்டார். குழந்தை கையில் எடுத்து அமுக்கக்கூடிய பொருள் என்பதால் அவர் சொன்னது முழுக்கச் சரி. உருண்டையை இரண்டு மூன்று குத்துக்கு ஒருமுறை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே பக்கத்தைக் குத்தினால் அது தட்டையாகிவிடும். கண்ணை ஊசியிலிருந்து எடுக்கவே கூடாது. தொலைக்காட்சி பார்த்தபடி பெட்டி இழைக்கலாம், இதைச் செய்ய முடியாது. கம்பளியைப் பிடிக்கும் விரல்களுக்குத் தோலுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊசி விரலில் ஏறினால் சாதாரணத் தையல் ஊசியை விடக் கூடவே நோகும்.

எனக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வதே பிடித்திருக்கிறது. ஈரத்தில் உருட்டிக் காயவைத்த உருண்டையின் மேல், அரிசி அளவு வெள்ளைக் கம்பளியைக் கிள்ளி விரலால் திரட்டி வைத்து, மெல்லிய ஊசியால் பத்துப் பதினைந்து தடவை குத்தினால் அழகான புள்ளி பதிந்துவிடுகிறது. மருதாணிச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்து, பிறகு இழையை நூலாக நீட்டிப் புள்ளியைச் சுற்றி வளைத்துக் கோலம் போட்டேன். பொங்கலுக்கு வாசலில் தொங்கவிடப் போகும் மாலை இதுதான்.

கோப்பது இலேசு என்று நினைத்திருந்தேன், ஆனால் நன்றாக இறுகிய உருண்டைக்குள் தையல் ஊசி போகவே போகாது. சாக்குத் தைக்கும் நீண்ட ஊசியால் நடுவில் குத்தி, மறுபக்கத்தில் நுனி தெரிந்ததும் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். நூல் பருத்தியில் தடிப்பாக இருந்தால், உருண்டை வைத்த இடத்திலேயே பிடித்து நிற்கும், முடிச்சுத் தேவையில்லை. பிறகு இடைவெளியை மாற்ற நினைத்தாலும் நகர்த்திக்கொள்ளலாம். 2 மீட்டர் மாலைக்கு 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 40 உருண்டை, அதாவது 40 கிராம் கம்பளி போதும். தொங்கும் இடத்தைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னவன் எதையும் வாயில் போடுகிற வயது. எடுத்து வைக்கும்போது வேப்பிலையோ பூச்சி உருண்டையோ சேர்த்து இறுக மூடி வையுங்கள்; கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சி ஒரு மாரிக்குள் துளைத்துவிடும்.

பொதியில் ஐந்து நிறத்தில் 200 கிராம் கம்பளித் திரியும், ஊசிகளை ஒரு மூங்கில் குழாயில் அடைத்தும், நான் செய்ததில் ஓர் உருண்டையும் வைத்திருக்கிறேன். அந்த உருண்டையில் வெடிப்பு மூடிய தழும்பு தெரியும். அழுத்தம் எவ்வளவு என்று கைக்குத் தெரிய அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். பனங்கட்டி வைக்கும் குட்டான் இருக்கிறதல்லவா, அதையே பெருவிரல் நுனி அளவில், உள்ளே ஒன்றும் வைக்காமல், சாயம் போடாத குருத்தோலையில் அம்மாவைக் கொண்டு இருபது இழைப்பித்து அனுப்புங்கள். இரண்டு உருண்டைக்கு ஒரு குட்டான் வீதம் கோத்தால் எப்படி இருக்கும் என்று மாமியும் நானும் தாளில் கீறிப் பார்த்துவிட்டோம். அவர் பங்குனிக்குள் வேண்டும் என்கிறார், ஓலையை இப்போதே வெயிலில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கச்சி