முத்துவைப் படம் எடுப்பதற்கு முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் காலையில் லாயத்துக்கு நடந்து போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவள் இல்லாத வீட்டின் அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை.

உன் குதிரை முத்துவைப் படம் எடுக்க ஒரு புகைப்படக் கலைஞரை ஏற்பாடு செய்திருப்பதாக எழுதியிருந்தாய். தள்ளிப்போடாமல் செய்துவிடு. அவளுக்கு 22 வயது ஆகிறது. என் குதிரை கரியன் இறந்து மூன்று ஆண்டுகளாகின்றன. அவனை ஒரே ஒருமுறைதான் முறையாகப் படம் எடுத்தோம், அதிலும் பெரும்பகுதி என் அவசரத்தால் வீணாயிற்று. அன்று காலையில்தான் அவனைக் குளிப்பாட்டினேன். ஷாம்பு தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கழுவிவிட்டது. ரோமம் படியாமல் மங்கலாக நின்றது. ஈரம் காய்வதற்குள் மண்ணில் புரண்டு எழுந்தான். நான் பதறிப்போய் மறுபடி துடைத்தேன், பளபளப்புத் தைலம் அடித்தேன். என் பதற்றம் அவனுக்கும் தொற்றிக்கொண்டது. அன்று எடுத்த படங்களில் பாதிக்கு மேல் காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு நிற்கிறான். அது என் கரியனின் முகமே இல்லை.

ஆகவே குளியலை முந்தைய நாளே முடித்துவிடு. முத்து வெள்ளை நிறத்தவள். சாணத்தில் படுத்த கறை முட்டியிலும் பின்தொடையிலும் நிற்கும். அதற்கென்று ஊதா நிற ஷாம்பு இருக்கிறது. அதிக நேரம் ஊறவிடாதே, ரோமத்தில் ஊதா ஏறிவிடும். நுரை துளியும் மிஞ்சாமல் அலசி, காய்ந்ததும் மெல்லிய போர்வை போர்த்து, புதிய வைக்கோல் பரப்பிக் கட்டு. ஆனால் உண்மையான மினுமினுப்பு நாள்தோறும் தேய்ப்பதில்தான் வருகிறது. ரப்பர் தேய்ப்பானால் வட்டமாகத் தேய்த்து அழுக்கைக் கிளப்பு, பிறகு கெட்டித் தூரிகை, கடைசியில் மெல்லிய தூரிகை. இன்றே தொடங்கினால் மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். பளபளப்புத் தைலம் அடிப்பதானால் சேணம் வைக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், வழுக்கும்.

பிடரியைச் சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து மேல்நோக்கி, விரலால். முகவாயிலும் கண்ணைச் சுற்றியும் உள்ள நீண்ட உணர்முடிகளை அழகுக்காக வெட்டிவிடாதே. மூக்குக்கு நேர் கீழே இருப்பதைக் குதிரையால் பார்க்க முடியாது, அந்த முடிகளைக் கொண்டுதான் தடவி அறிகிறது. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளில் 2021 ஜூலை முதல் அவற்றை மழிக்கத் தடையே இருக்கிறது. குளம்புக்கு எண்ணெய் பூசுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள். பூசிய பிறகு மண்ணில் ஓர் அடி வைத்தாலும் புழுதி அப்பிக்கொள்ளும். அந்தச் சிவப்பு நைலான் தலைக்கயிறு வேண்டாம். வெள்ளை முகத்தில் அதன் சாயல் விழும். மெல்லிய தோல் தலைவாரைத் துடைத்து மாட்டு. பிற்பாடு கணினியில் அதை அழித்துவிடுவதும் எளிது.

இவ்வளவும் கைவேலை. நான் பெரிதாக நினைப்பது காதுகளை. குதிரையின் முகபாவம் முழுவதும் காதில்தான் இருக்கிறது. இரண்டும் முன்னோக்கி நிமிர்ந்த அந்த நொடியில் கண்ணும் விழித்துக்கொள்ளும், கழுத்தும் உயரும். அதற்கு ஒருவர் புகைப்படக்காரரின் பின்னால் நின்று ஒலி எழுப்ப வேண்டும். காகிதப் பையைக் கசக்கலாம், கைப்பேசியில் வேறொரு குதிரையின் கனைப்பை ஒலிக்கலாம். ஒரே ஒலி இரண்டு மூன்று முறைக்கு மேல் எடுபடாது, பழகிவிடும். ஆகவே எல்லாம் தயாராகி, புகைப்படக்காரர் சொன்ன பிறகே எழுப்புங்கள். ஒளி திருப்பும் பலகை, குடை போன்றவை வருமா என்று முன்கூட்டியே கேட்டு, அதுபோன்ற ஒன்றைச் சில நாள் லாயத்தருகே வைத்து அவளை மோந்து பார்க்க விடு. தீவனம் வைக்கும் வேளையில் படம் எடுக்க ஒப்புக்கொள்ளாதே. பசித்த குதிரை வாளியைத்தான் தேடும். முன்னதாகக் கொஞ்சம் வைக்கோல் தின்னட்டும், வியர்க்காத அளவுக்கு நடக்கட்டும், பிறகு வாயைத் துடைத்துவிடு.

கரியனின் படங்களில் ஒன்று மட்டும் இப்போதும் என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறது. எல்லோரும் ஓய்ந்து அவனை லாயத்துக்குள் விட்ட பிறகு எடுத்தது. வாசலுக்குச் சற்று உள்ளே நின்று வெளியே பார்த்தான். வெளிச்சம் முகத்தில் மட்டும் விழுந்தது, பின்னால் லாயத்தின் இருட்டு முழுக் கறுப்பாகிவிட்டது. திரையும் விளக்கும் இல்லாமலே அப்படி ஒரு படம். ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762 வாக்கில் வரைந்த விசில்ஜாக்கெட் என்ற குதிரையின் ஓவியம் உனக்கு நினைவிருக்கும். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரத் துணியில் குதிரையைத் தவிர வேறு எதுவும் கிடையாது, சவாரிக்காரனும் இல்லை, நிலக்காட்சியும் இல்லை. குதிரை தனியாக நின்றால் போதும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. முத்துவையும் லாய வாசலில் நிறுத்தி ஒன்று எடுக்கச் சொல். அவள் வெள்ளை என்பதால் அந்த இருட்டில் இன்னும் துலங்குவாள். வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் சிறிது நேரம் கொடு. இருட்டுக்குக் குதிரையின் கண் மெதுவாகத்தான் பழகும்.

நீயும் ஒரு படத்திலாவது அவள் பக்கத்தில் நில். கோடோ பூவோ இல்லாத ஒரே நிறச் சட்டை போதும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, எத்தனை சாதுவான குதிரையாக இருந்தாலும்.

இன்னொன்று. நாம் இருவரும் மாறி மாறி இரவெல்லாம் விழித்திருந்து ஆற்றிய அந்த இடது தோள் தழும்பை மறைக்க வேண்டாம் என்று புகைப்படக்காரரிடம் சொல். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.

உன் அன்பு நண்பன்