கணவரின் பரிசோதனை ஏன் கடைசியில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தையின்மை பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கர்ப்பப்பை, நீர்க்கட்டி, தைராய்டு, உடல் எடை என்று பக்கம் முழுக்கப் பெண்ணைப் பற்றியே பேசிவிட்டு, கணவரைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி போட்டிருந்தீர்கள். சிறிய ஊர் ஒன்றில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்களிடம் வருகிற ஃபைல்களும் அப்படித்தான் இருக்கின்றன, அதனால்தான் எழுதத் தோன்றியது.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன ஒரு பெண், மாதவிலக்கின் இரண்டாம் நாள் வயிற்று வலியோடு வந்து முட்டை வளரத் தூண்டுகிற எஃப்எஸ்எச், எல்எச் ஹார்மோன்களைப் பார்க்க ரத்தம் கொடுப்பார். 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பார்க்க மறுபடி வருவார். நடுவில் முட்டை வளர்கிறதா என்று ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன், அப்புறம் ஏஎம்எச், புரோலாக்டின் என்று இன்னும் இரண்டு ஹார்மோன் பரிசோதனை, அதுவும் முடிந்தால் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. அந்த எக்ஸ்ரே எப்படி வலிக்கும் என்பதை எடுத்துக்கொண்டவர்களைக் கேட்டால்தான் தெரியும். இவ்வளவும் இருக்கிற ஃபைலில் கணவரின் விந்துப் பரிசோதனை மட்டும் இருக்காது. கேட்டால் கூட வந்த மாமியார், "என் பையனுக்கு ஒரு குறையும் இல்லம்மா" என்பார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வார்.

குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணிடமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, தனியாகவோ மனைவியின் பிரச்சினையோடு சேர்ந்தோ. ஊசி இல்லாத, வலி இல்லாத, செலவும் குறைவான பரிசோதனை இது. அதை ஏன் எல்லாம் முடிந்தபிறகு, சில வீடுகளில் வருடக்கணக்கில் கழித்து, செய்ய வேண்டும்?

தயக்கத்துக்குக் காரணம், இதைத் தன் ஆம்பளைத்தனத்துக்கு வைக்கிற சோதனையாகப் பலர் நினைப்பதுதான். உடம்பு வேலை செய்கிற விதம் தெரிந்தால் இந்தப் பயம் பாதி குறைந்துவிடும். ஹார்மோன் என்றாலே பெண்கள் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணின் ரத்தத்தில் நாங்கள் பார்க்கிற அதே எஃப்எஸ்எச்சும் எல்எச்சும்தான் கணவரின் உடம்பிலும் ஓடுகின்றன. மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ் விட்டுவிட்டு சமிக்ஞை அனுப்ப, பிட்யூட்டரி சுரப்பி இந்த இரண்டையும் ரத்தத்தில் விடுகிறது. பெண்ணுக்கு அவை முட்டையை வளர்த்து வெளியேற்றுகின்றன. ஆணின் விந்தகத்தில் வேலை இரண்டாகப் பிரிகிறது. எல்எச் தூண்டுகிற செல்கள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கின்றன, மீசை, குரல், தசை, ஆசை எல்லாம் அதன் பொறுப்பு. விந்தணு உருவாவது பக்கத்திலேயே இருக்கும் நுண்குழாய்களுக்குள், எஃப்எஸ்எச்சும் அந்த டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்து கொடுக்கிற ஆதரவில். முதல் வேலை ஒழுங்காக நடந்து, இரண்டாவது மட்டும் தடைபடலாம். அதனால்தான் தாம்பத்தியத்தில் ஒரு குறையும் இல்லாத, திடகாத்திரமான ஒருவரின் சாம்பிளில் ஓர் அணுகூட இல்லாமல் போக முடிகிறது. வெறும் கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது, ஏனென்றால் விந்தின் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வரும் திரவம். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் தெரியும்: சில நேராக ஓடும், சில ஒரே இடத்தில் வட்டமடிக்கும், சில வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும்.

ஜிம்முக்குப் போகிற தம்பிகளுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. உடம்பு ஏற வேண்டும் என்று வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். மேல்தொட்டி நிரம்பியதும் தானாக நின்றுவிடும் மோட்டார் மாதிரி, ரத்தத்தில் அது போதுமான அளவு இருக்கிறது என்று கண்டதும் மூளை எல்எச், எஃப்எஸ்எச் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. விந்தகத்துக்குள் தேவைப்படும் டெஸ்டோஸ்டிரோன், ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், அது அங்கேயே சுரந்தால்தான் உண்டு. ஆக தோள் அகலமாகும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே நின்றுபோகும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவரும், ஆனால் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா?

ரிப்போர்ட்டைப் பார்த்து இடிந்துபோகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகிறது, அதற்குப் பிறகு முதிர்ந்து வெளியேற இன்னும் சில நாட்கள். அதனால் இன்று கொடுக்கிற சாம்பிள், இரண்டு மூன்று மாதம் முன்பு உடம்பு எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது. அப்போது டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்திருந்தால் இப்போது எண்ணிக்கை குறைந்து தெரியலாம். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாமல், டாக்டர் சொல்கிற இடைவெளியில் இன்னொரு முறை பார்ப்பது அவசியம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது கீழ் அளவு, அவற்றில் இயல்பான வடிவம் உள்ளவை 4 சதவீதம் இருந்தாலே போதும். '4 சதவீதம்' என்று பார்த்துவிட்டு மீதி 96ம் வீணா என்று அழுதவர்கள் உண்டு. இந்த அளவுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் குழந்தை பிறக்கிறது. விதைப்பை ரத்தக்குழாய் வீக்கமா, வயசுக்கு வந்தபிறகு பொன்னுக்கு வீங்கி வந்ததா, புகையா, கடுமையான வெப்பத்தில் வேலையா என்று டாக்டர் தேடிப் பார்ப்பார். இவற்றில் சரிசெய்யக்கூடியவை நிறைய.

எங்கள் தரப்பிலும் குறை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. என்னைப் போன்றவர்கள் வேலை செய்கிற பல சிறிய லேப்களில் இதற்கென்று தனி அறை கிடையாது. காத்திருப்போர் கூடத்தை ஒட்டி, தாழ்ப்பாள் சரியில்லாத கழிப்பறையைக் காட்டினால் எந்த மனிதன் வருவான்? பலருக்குத் தெரியாத விஷயம், வீட்டிலேயே எடுத்து வரலாம். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, லேபில் கொடுக்கும் டப்பாவிலேயே, சோப்போ எண்ணெயோ சாதாரண ஆணுறையோ பயன்படுத்தாமல் எடுத்து, ஐஸில் வைக்காமல் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து கொடுத்தால் போதும். எடுத்த நேரத்தையும், கொஞ்சம் சிந்தியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்த விவரங்களை உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். அடுத்தமுறை இந்தத் தலைப்பில் எழுதும்போது ஆணுக்குப் பாதிப் பக்கமாவது கொடுங்கள். மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள், மனைவிக்கு முதல் ரத்தப் பரிசோதனை எழுதுகிற அதே சீட்டில் கணவரின் பரிசோதனையையும் எழுதிவிடுங்கள். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்தபிறகு கருக்குழாய் எக்ஸ்ரேக்கு அனுப்பலாமே.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
திருவண்ணாமலை மாவட்டம்.