நீச்சல் தடாகத்துக் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின தொடர்மாடி வீட்டு விளம்பரத் தாளைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் பார்த்தேன். மேல்மாடியில் நீச்சல் தடாகம், ஜிம், விழா மண்டபம், பிள்ளைகள் விளையாட இடம். படத்தில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்த வீட்டை வாங்க, கல்லடியில் இருக்கிற நம்மட வீட்டு வளவை விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நம்மட மட்டக்களப்பு வழக்கப்படி வீடு வளவு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். அது உன்னுடையது, நான் மறிக்க மாட்டேன். ஆனால் முப்பது வருசம் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் கணக்குப் பேரேடு எழுதின கை சும்மா இருக்குமா?

மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 20 ரூபா என்றாய். 1,100 சதுர அடிக்கு மாதம் 22,000. வருசத்துக்கு 264,000. வங்கிக் கடன் என்றைக்காவது முடியும், இது முடியாது. தடாகத்தில் நீ இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். தொடர்மாடி உடைமைக்கு 1973இல் வந்த சட்டப்படி, வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்ததுதான் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். பொதுச் செலவை அவரவர் பங்குக்குச் சுமக்க வேண்டும். கட்டினவன் படம் காட்டி விற்றுவிட்டுப் போய்விடுவான். பம்ப் பழுதானால் நீங்கள்தான் கூட்டம் போட்டுச் சல்லி சேர்க்க வேண்டும்.

2022 பங்குனிக் கடைசியில் நான் கொழும்பு வெள்ளவத்தையில் சின்னம்மாவின் தொடர்மாடி வீட்டுக்குப் போனது ஞாபகம் இருக்கா? 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்கள். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. லிஃப்ட் நின்றுவிட்டது. கையில் தயிர் முட்டி, ஏற வேண்டியது ஏழு மாடி. நாலாம் மாடிப் படியில் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு குந்திவிட்டேன். மேலே போனால் குழாயில் தண்ணியும் இல்லை, மோட்டர் ஓடினால்தானே ஏறும். கடைசியில் சின்னம்மாவின் மகன் தடாகத்தில் வாளியால் அள்ளி வந்துதான் கக்கூசுக்கு ஊற்றினோம். அந்தத் தடாகம் கட்டின காசுக்கு வேலை செய்ததை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களில் கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் அதில் காயப்போட்ட துவாயும் இருக்கும். அந்த ஆவணியில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறினதோடு அங்கே மெயின்டனன்ஸும் ஏறிவிட்டதாம்.

எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. மருமகன் வெளிநாட்டில், நீ சின்னப் பிள்ளையோடு தனிய இருக்கிறாய். இரவில் வாசலில் ஒரு ஆள் விழித்திருக்கிறது பெரிய விசயம், அதற்குக் கொடுக்கலாம். நல்ல லிஃப்டுக்கும் கொடுக்கலாம். எனக்கும் அம்மாவுக்கும் முழங்கால் இருக்கிற நிலைமைக்கு, லிஃப்ட் ஒழுங்காக ஓடினால்தான் உன் வீட்டுப் பக்கமே வருவோம். ஜிம் வேண்டாம் மனே, நீ பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்புக்கே வயிற்றுக்குத்து என்று சொன்ன ஆள்.

சரி, கட்டடத்துக்கு மூன்று வயசாகிவிட்டது என்றாய், அதுவும் நல்லதுதான். ஒரு ஞாயிறு பின்னேரம், புரோக்கர் இல்லாமல் போ. தடாகக் கரையில் அரை மணித்தியாலம் இருந்து எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று எண்ணு. காவல்காரரிடம் லிஃப்ட் கடைசியாக எப்போது நின்றது என்று கேள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். அப்புறம் கூட்டுத்தாபனத்தின் கடைசி வருசக் கணக்கைக் கேட்டு வாங்கு. எத்தனை வீட்டுக்காரர் நிலுவை வைத்திருக்கிறார்கள், திருத்த வேலைக்கு ஒதுக்கின காசு எவ்வளவு, இரண்டையும் பார். பாதிப் பேர் கட்டாத இடத்தில் கட்டுகிறவன் தலையில்தான் விழும். பார்க்கிங் இடம் வீட்டு உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கா, வாய்ச்சொல்லா என்பதையும் பார். அந்தக் கணக்கின் போட்டோவை எனக்கு அனுப்பு, வளவு பற்றி அதற்குப் பிறகு பேசுவம்.

அம்மா பக்கத்தில் இருந்து ஒன்று கேட்கச் சொல்றா. குசினி யன்னல் எந்தப் பக்கம் திறக்கும்? மீன் பொரித்தால் புகை வெளியே போகுமா, பக்கத்து வீட்டுக்குள் போகுமா?

அன்புடன்,
அப்பா