சேவையகத்தை நிறுத்தும் முன் சாவியைத் தாருங்கள்

இணைய இணைப்போடு இயங்கும் வீட்டுக் கருவிகளை வடிவமைத்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

மூன்று மாதங்களுக்கு முன் உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இத்தனை ஆண்டுகள் உடன்வந்தமைக்கு நன்றி என்று தொடங்கிய அந்த மடலின் நான்காம் பத்தியில், முப்பது நாள்களில் சேவையகங்கள், அதாவது கருவிகள் இணையம் வழியே தொடர்புகொள்ளும் அந்த நிறுவனத்தின் கணினிகள், நிறுத்தப்படும் என்றும், அதன் பின்னர் வீட்டு விளக்குகளைக் கட்டுப்படுத்த என்னிடமுள்ள மையக் கருவியின் சில வசதிகள் கிடைக்காமல் போகக்கூடும் என்றும் எழுதப்பட்டிருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அப்படியொரு மடலை உங்களில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். பலர் எழுதியும் இருக்கிறீர்கள்.

'சில வசதிகள்' என்பதைப் படித்தபோது, வெளியூரிலிருந்து விளக்கை இயக்கும் வசதி போன்ற ஏதோ ஒன்றுதான் போகும் என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுக்குள் இருக்கும் கருவி வீட்டுக்குள் இருக்கும் விளக்கோடு பேசுவதை எவராலும் நிறுத்த முடியாது என்று நம்பினேன். என் நம்பிக்கை தவறு என்பதைத் தெரிந்துகொண்ட விதத்தைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

என் தாயாருக்கு வயது 74. முடக்குவாதம் அவருடைய விரல்களை மடக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. சுவரிலுள்ள பொத்தானை அழுத்துவது நல்ல நாளில் வலி, மற்ற நாள்களில் இயலாத காரியம். அதனால்தான் குரலுக்குக் கட்டுப்படும் விளக்குகளை அவர் அறையில் பொருத்தினேன். நான்கு ஆண்டுகளாக, எவரையும் எழுப்பாமல், எவரிடமும் கேட்காமல், தம் அறையின் வெளிச்சத்தைத் தாமே ஆண்டுகொண்டிருந்தார். அந்தச் சிறு சுதந்திரம் அவருக்கு எவ்வளவு பெரிது என்பதைப் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ நேர்ந்தவர்கள் அறிவார்கள்.

சேவையகம் நின்ற அன்று மாலை வேலை முடிந்து நான் திரும்பத் தாமதமாயிற்று. கதவைத் திறந்தபோது வீடு முழுவதும் இருட்டு. தாயார் கட்டிலில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "விளக்கு நான் சொல்றதைக் கேக்கலை. வாய் குழறுதோன்னு பயந்துட்டேன்" என்றார். தமக்குப் பக்கவாதம் வந்துவிட்டதோ, சொற்கள் தெளிவாக வரவில்லையோ என்ற அச்சத்தில், இரண்டரை மணி நேரம் அந்த இருளில் தம் பெயரையும் என் பெயரையும் மாறி மாறிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பழுது கருவியில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தம்மிடம்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கிறது.

மறுநாள் அந்தக் கருவியைத் திறந்து பார்த்தேன். எதுவும் பழுதாகவில்லை. மின்சாரம் வருகிறது, வைஃபை இணைப்பு கிடைக்கிறது, விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் சிறு ரேடியோச் சில்லும் விழித்திருக்கிறது. ஆனால் அந்தக் கருவி தொடங்கியவுடன் தொலைவிலுள்ள ஒரு முகவரியை அழைக்கிறது. மறுமொழி வராததால் மறுபடி அழைக்கிறது. வேறு எதையும் செய்ய மறுக்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலை உங்கள் கணினிகளில் நடந்தது என்பதை அறிவேன், அதற்குச் செலவாகும் என்பதையும் அறிவேன். ஆனால் கைப்பேசிச் செயலியில் 'ஏற்று' என்று தொட்டாலும், அந்த ஒற்றைக் கட்டளை இரண்டு அடி தள்ளியிருக்கும் விளக்கை அடைய உங்கள் சேவையகம் வரை போய்த் திரும்ப வேண்டும் என்று வடிவமைத்தது எந்தத் தொழில்நுட்பத் தேவையால்? வேறொரு மென்பொருளை ஏற்றிப் பார்க்கலாம் என்றால், உங்கள் டிஜிட்டல் கையொப்பம், அதாவது நீங்கள் அனுப்பியதுதான் என்று காட்டும் மறைகுறி, இல்லாத எதையும் அந்தக் கருவி ஏற்பதில்லை. அதைப் பூட்டியவர் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார்; பூட்டு மட்டும் என் வீட்டில் இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். சேவையகத்தை நிறுத்தும் முன் சாவியைத் தாருங்கள்.

சாவி என்று நான் சொல்வது உங்கள் கையொப்பச் சாவியை அன்று. அதைப் பொதுவில் விடுவது ஆபத்து என்பது எனக்கும் தெரியும். நான் கேட்பது, கருவிக்குள்ளிருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குக் கடைசியாக ஒரே ஒரு மேம்படுத்தல். சேவையகம் இல்லாவிட்டாலும் வீட்டு வலையமைப்புக்குள் வரும் கட்டளைகளைக் கருவி ஏற்க வேண்டும். அதன் உரிமையாளர் கருவியிலுள்ள பொத்தானை நேரில் அழுத்திப் பிடித்தால் கையொப்பச் சோதனை விலக வேண்டும். கட்டளைகள் எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதைச் சில பக்கங்களில் எழுதி வெளியிட வேண்டும். இவ்வளவுதான். பேச்சை எழுத்தாக்கும் திறந்த மூல மென்பொருள்கள் (எவரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கூடியவை) இன்று சாதாரணக் கணினியிலேயே, இணையமே இல்லாமல் ஓடுகின்றன. மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

இது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். பெப்பிள் கைக்கடிகாரங்களைச் செய்த நிறுவனம் 2016 டிசம்பரில் மூடப்பட்டது; அதன் மென்பொருளையும் உரிமைகளையும் வாங்கிய ஃபிட்பிட் 2018 ஜூன் இறுதிவரை சேவையகங்களை நடத்தியது. அதன் பிறகும் அந்தக் கடிகாரங்கள் ஓடின, ஏனென்றால் ரெபிள் என்ற பெயரில் திரண்ட ஆர்வலர்கள் மாற்றுச் சேவையை உருவாக்கி வைத்திருந்தார்கள்; கடிகாரத்தை அங்கே திருப்பிவிடுவதற்கு வழியும் இருந்தது. ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள், 2025 ஜனவரியில் பெப்பிள் இயங்குதளத்தின் பெரும்பகுதி மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. வீட்டு விளக்குகளையும் பொத்தான்களையும் இணைக்கும் கருவிகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் சேவையகங்களை நிறுத்தியபோது, வீட்டுக்குள்ளேயே இயங்கும் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறந்த மூல மென்பொருளோடு தங்கள் கருவிகளை இணைத்திருந்தவர்களின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. செயலியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் நின்றுபோனார்கள். பின்னர் வாடிக்கையாளர்களில் ஒரு சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கிச் சேவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. தாங்கள் காசு கொடுத்து வாங்கிய விளக்கை ஏற்றுவதற்காக ஒரு நிறுவனத்தையே விலைக்கு வாங்கும் நிலைக்கு வாடிக்கையாளரைத் தள்ளுவது முறையா என்று உங்கள் மனச்சாட்சியிடம் கேட்கிறேன்.

மற்ற உதாரணங்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வீட்டுக் கருவிகளை இணைக்கும் ரிவால்வ் மையக் கருவி 2016 மே மாதம் உயிரற்ற பெட்டியானது. அதை வாங்கியவர்களுக்கு வாழ்நாள் சந்தா என்று சொல்லப்பட்டிருந்தது. லாஜிடெக், தொலைக்காட்சி போன்றவற்றைக் கைப்பேசியால் இயக்க உதவும் ஹார்மனி லிங்க் கருவியை 2018 மார்ச்சில் செயலிழக்கச் செய்யப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே அனைவருக்கும் மாற்றுக் கருவியை இலவசமாகத் தர இசைந்தது. காரில் பாட்டுக் கேட்க உதவும் ஸ்பாட்டிஃபையின் கார் திங் கருவி, விற்பனைக்கு வந்து மூன்றாண்டுகள் நிறைவதற்குள், 2024 டிசம்பர் 9 அன்று நின்றது. உடையில் அணியும் கருவியான, ஹியூமேன் நிறுவனத்தின் 'ஏஐ பின்'னுக்கு 2025 பிப்ரவரியில் கிடைத்த அவகாசம் பத்தே நாள். ஒவ்வொரு முறையும் ஒரே மன்னிப்புக் கடிதம், ஒரே நன்றியுரை.

இவற்றுள் என்னை உறங்கவிடாத ஒன்று உண்டு. பார்வை இழந்தவர்களுக்காக ஆர்கஸ் என்ற விழித்திரைப் பொருத்தியைச் செய்த செகண்ட் சைட் நிறுவனம், 2020இல் பணத் தட்டுப்பாட்டால் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோரின் கண்ணுக்குள் அந்தக் கருவி இருந்தது. பழுது பார்க்க ஆளில்லை, மாற்று உதிரி இல்லை, கேள்வி கேட்டால் பதில் சொல்லவும் எவருமில்லை. என் தாயாரின் அறையில் நின்றுபோனது ஒரு விளக்கு. அவர்களுக்குள் நின்றுபோகக் காத்திருந்தது, இழந்த பின் சிறிதளவு திரும்பக் கிடைத்த பார்வை.

நீங்கள் சொல்லும் காரணங்களையும் நான் புறக்கணிக்கவில்லை. கைவிடப்பட்ட கருவிகள் இணையத்துக்கு ஆபத்து என்கிறீர்கள், உண்மை. 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களோடு கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் படையாகத் திரட்டி இணையத்தின் ஒரு பகுதியையே தடுமாறச் செய்தது. ஆனால் அந்த வாதம் எங்கள் பக்கமே நிற்கிறது. வெளி உலகை அழைக்காமல் வீட்டுக்குள் மட்டும் இயங்கும் கருவியைத் தொலைவிலிருந்து தாக்குவது மிகக் கடினம். எவரும் திருத்த முடியாதபடி பூட்டிய கருவியில் நாளை ஒரு ஓட்டை தெரியவந்தாலும் அதை அடைக்க வழியில்லை. வணிக இரகசியம் என்றும் சொல்கிறீர்கள். நீங்களே விற்பதை நிறுத்திவிட்ட ஒரு பொருளுக்கு விளக்கை ஏற்றும் கட்டளையின் வடிவத்தில் என்ன இரகசியம் எஞ்சியிருக்கிறது?

சட்டங்கள் மெல்ல அசைகின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு மேம்படுத்தல் குறைந்தது எவ்வளவு காலம் தரப்படும் என்பதை நீங்கள் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம் (Cyber Resilience Act) 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பெரும்பாலான கருவிகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு கட்டாயமாகிறது. அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் எஃப்டிசி ஆணையத்தின் அலுவலர்கள் 184 கருவிகளின் விற்பனைப் பக்கங்களை ஆராய்ந்து 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில், அவற்றில் ஏறத்தாழ 89 விழுக்காட்டுப் பக்கங்களில் மென்பொருள் ஆதரவு எதுவரை என்ற தகவலே இல்லை என்று பதிவாகியிருக்கிறது. பத்தில் ஒன்பது பேர் சொல்லவில்லை. இந்தச் சட்டங்களும்கூட ஆதரவு முடியும் தேதியைத்தான் பெரிதும் கவனிக்கின்றன; அந்தத் தேதிக்கு மறுநாள் கருவி என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவற்றில் தெளிவான விடையில்லை.

வாங்குதல் என்ற சொல்லே பொருளிழந்து வருகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டும் விற்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. அது திரைப்படம், விளையாட்டு போன்ற டிஜிட்டல் பொருள்களுக்கானது. தி குரூ என்ற கார் பந்தய வீடியோ விளையாட்டின் சேவையகங்கள் 2024 மார்ச்சில் நின்ற பிறகு, விற்ற விளையாட்டுகளை இப்படி முடக்கக் கூடாது என்று எழுந்த இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். விளையாட்டுக்கே இவ்வளவு பேர் திரண்டார்கள் என்றால், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய, எடையும் உருவமும் உள்ள பொருளைத் தொலைவிலிருந்து சாகடிப்பதை மக்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியதாக ஐக்கிய நாடுகளின் கணக்கு சொல்கிறது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு. அந்தக் குவியலுக்குள் பழுதே ஆகாத கருவிகளையும் சேர்க்கிறீர்கள். உங்கள் ஆண்டறிக்கைகளில் பசுமை பற்றி எழுதும் பக்கங்களை என்னால் இனி அமைதியாகப் படிக்க முடியவில்லை.

சொல்ல வந்ததை விட்டுக் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். எல்லாக் கருவிகளையும் என்றென்றும் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. சேவையகங்களை நடத்தச் செலவாகும், நிறுவனங்கள் நலியும், மூடப்படும். அதில் உங்கள்மீது எனக்குக் கோபமில்லை. மூடும்போது சாவியைத் தாருங்கள் என்பதே கோரிக்கை. கடைசி நாளில் அதைச் செய்ய ஆளும் பணமும் இருக்காது என்றால், முதல் நாளிலேயே அந்த மேம்படுத்தலை எழுதி மூன்றாம் தரப்பு ஒன்றிடம் ஒப்படைத்து வையுங்கள். மென்பொருள் ஒப்பந்தங்களில் மூலநிரலை அப்படி ஒப்படைத்து வைக்கும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. விற்கும் பெட்டியின் மீதே, சேவை எந்தத் தேதி வரை, அதன் பிறகு இந்தக் கருவி எதையெல்லாம் தொடர்ந்து செய்யும் என்ற இரண்டையும் அச்சிடுங்கள். மடலின் நான்காம் பத்தியில் 'போகக்கூடும்' என்று எழுதாமல், முதல் வரியிலேயே 'இந்தத் தேதிக்குப் பின் உங்கள் விளக்கு எரியாது' என்று எழுதுங்கள். அப்படி எழுதியிருந்தால் அன்று மாலை நான் வீட்டில் இருந்திருப்பேன்.

என் தாயாரின் அறையில் இப்போது வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். கட்டிலருகே, முழங்கையால் அழுத்தக்கூடிய ஒரு பெரிய பொத்தான். அது வேலை செய்கிறது. ஆனால் முன்பு போல் அவர் விளக்கோடு பேசுவதில்லை. பழைய மையக் கருவியைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. மின்சாரம் கொடுத்தால் இன்றும் விளிம்பில் நீல ஒளி சுற்றுகிறது, உங்கள் முகவரியைத் தேடுகிறது. அந்தக் கடைசி மேம்படுத்தலை நீங்கள் வெளியிட்டால், அன்றே அதைத் திரும்பப் பொருத்திக்கொள்ளச் சித்தமாக இருக்கிறேன். தயவுகூர்ந்து இதைப் பரிசீலித்து மறுமொழி தருமாறு வேண்டுகிறேன்.

பணிவுடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்